சிறிய எண்ணை எழுதுக

புதுப் பெட்டி வந்த வாரத்திலிருந்தே
தலை கனக்கிறது என்கிறான் லூசியன்.
எங்கள் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு
அந்தப் பக்கம்தான் மாட்டியிருக்கிறார்கள்.
நடுவே பலகை, பஞ்சு, மறுபடி பலகை.
அதற்கப்பால் ஃபோர்ட் கென்ட் பனி.

என் பிஸ்கட் தட்டுகள் இரண்டைக் காணோம்.
ஞாயிற்றுக்கிழமை அடுப்பை மூட்டிவிட்டுத் தேடினால்
கட்டிலுக்குப் பின்னே நிற்கின்றன, காவலுக்கு.
அலையைத் தடுக்குமாம்.

எனக்கு அலையில் பயமில்லை.
உருளைக்கிழங்குக் கிடங்கில் முப்பது வருஷம்
எடை போட்டவள் நான்.
அளக்கிற வேலை அளக்கத்தான் செய்யும்.
அளந்ததை யாரிடம் போய்ச் சொல்கிறது,
அதைத்தான் கேட்கிறேன்.

மார்ச் பில்லோடு ஒரு படம் வந்தது.
மணிக்கொரு தூண்.
காலை ஆறு, என் காபி.
புதன் பத்து, துணி உலர்த்தி.
ஞாயிறு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை குட்டைத் தூண்கள்:
நாங்கள் திருப்பலியில் இருக்கிறோம், வீட்டில் யாருமில்லை.
திருடனுக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ்
அச்சடிக்க முடியாது என்று சிரிக்கப் போனபோது
அதைப் பார்த்தேன்.

அதிகாலை மூன்று மணி.
கெட்டில் உயரத்துக்கு ஒரு தூண்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
முப்பத்தொரு நாளில் இருபத்தாறு.

ஆற்றுக்கு அக்கரை கனடா,
அங்கே ஒரு மணி நேரம் கூடுதல்.
ஜன்னலோரம் வைத்தால் என் போன்
அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
தன்பாட்டுக்கு நாடு மாறிவிடும்.
பெட்டிக்கும் அந்தப் புத்தியோ என்று
கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்.
இரண்டானாலும் நாலானாலும்
கெட்டில் தானாகக் கொதிக்காது.

காதுக் கருவியைக் கழற்றி
டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டால்
விடியும்வரை எனக்கு உலகமில்லை.

பிறகு உறைத்தது.
காகித ஆலையில் இருபத்திரண்டு வருஷம்
இரவு முறை பார்த்தவன்.
மூன்று மணி அவன் சாப்பாட்டு மணி.
அக்டோபரில் இரவு முறையை நிறுத்தினார்கள்.
அதே அக்டோபரில்தான் பெட்டியும் வந்தது.
பெட்டி வந்து தூக்கம் போனதா,
போன தூக்கத்தைப் பெட்டி வந்து சொன்னதா,
யார் பிரித்துச் சொல்வது?

எனக்கு எரிந்தது வேறொன்று.
என் புருஷன் இருட்டில் தனியாகக் குடித்த தேநீர்
எனக்கு முன்னால் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

அவர்கள் வழிகளும் வைத்திருக்கிறார்கள்.
இருப்பது இருக்கட்டும் என்றால் செலவில்லை.
அதே பெட்டியின் வாயை மட்டும் கட்ட
மாதம் பதினான்கு டாலர்.
பழைய முள் மீட்டர் வேண்டுமென்றால் பத்தொன்பது,
ஆள் வந்து மாட்ட நாற்பது தனி.
சும்மா இருப்பதற்குக் கூலி கேட்கிற பெட்டியை
இப்போதுதான் பார்க்கிறேன்.
கையெழுத்துப் போட்டேன்: ரெஜான் மிஷோ.
காரணம் என்ற கட்டத்தில்
கணவருக்குத் தலைவலி என்று எழுதினேன்.

சீர் வீட்டுப் பெண் வந்து மாட்டிவிட்டுப் போனாள்.
அவள் வண்டி திரும்பக்கூட இல்லை,
லேசாகிவிட்டது என்று நெற்றியைத் தடவினான் லூசியன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டுகளைக் கழுவி அடுக்கினேன்.

இப்போது கருவியோடுதான் படுக்கிறேன்.
இரைச்சலாக இருக்கிறது: குளிர்பெட்டி, காற்று,
ஆற்றில் பனிக்கட்டி பிளக்கிற சத்தம்,
நடுவே, சமையலறையில், தண்ணீர் கொதிப்பது.
இரண்டு முறை எழுந்து போனேன்.
ஒருமுறை கதவருகே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மாதக் கடைசியில் கோட்டு மாட்டிக்கொண்டு
நானே வெளியே போய்ப் பார்த்து
அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும்.
ஐந்து வட்டம், ஐந்து முள்;
ஒன்று வலமாகப் போனால் அடுத்தது இடமாக,
கல்யாணமான ஜோடிபோல.
முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால்
சிறிய எண்ணை எழுதுக என்று
அட்டையிலேயே போட்டிருக்கிறது.

ஏப்ரலில் நடுவில் நின்றது.
சிறியதை எழுதினேன்.
மிச்சம் வீட்டோடு இருக்கட்டும்.